நேர் செய்த சுவர்

அக்டோபர் 4

தம்பிக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். பொய்யும் எழுதக் கூடாது, அடித்தல் திருத்தலும் இருக்கக் கூடாது. வழக்கு முடிந்த நாளிலிருந்து நாம் பேசிக்கொள்வதில்லை. உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற நம் ரேடியோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் வழியிலேயே ஒலிபரப்பிவிடக் கூடாது என்று உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் நிற்கிற சுவர் உன் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது. உன் கொட்டகையின் தகரம் என் பக்கம் நீட்டுகிறது என்று நான் ஆட்சேபித்து, நீ முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுவரின் மட்டத்துக்கு வெட்டிவிட்டாய் அல்லவா? அந்த விளிம்பு இப்போது மறுபடியும் என் பக்கம் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. தகரம் வளராது. சுவர்தான் அதன் அடியிலிருந்து நகர்ந்திருக்கிறது.

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, சுவரின் உச்சியில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை நீட்டி, அதன் நுனியிலிருந்து பீரோச் சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே சாவிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை விரல்தான் நுழைகிறது.

அந்தச் சுவரை ஒட்டித்தான் வண்டு படுத்திருக்கிறாள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவளை, மாடிக்குத் தூக்க முடியாது என்று, நீ படங்களுக்குச் சட்டம் போடுகிற அந்தக் கொட்டகையில் கட்டில் போட்டுக் கிடத்தியிருக்கிறாய். கட்டிலின் தலைமாடு சுவரில் இடிக்கிறதாம். ரேடியோ சொன்னாள். வண்டு உனக்கு மனைவியாவதற்கு முன்பே கான்வென்ட்டில் எனக்குப் பக்கத்து இடக்காரி. ஜபம் நடக்கும்போது உதடு அசையாமல் ரீங்காரம் போட்டவளுக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கட்டிலை இன்றே வேறு அறைக்கு மாற்று. சுவரைப் பற்றிப் பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அக்கா


அக்டோபர் 6

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மனு, நோட்டீஸ், வக்கீல் கடிதம் எல்லாம் முடிந்து, இப்போது சொந்தக் கையெழுத்திலேயே வந்திருப்பது எங்கள் பாக்கியம்.

கொட்டகை போட்டபோது வெளிச்சம் மறைக்கிறது என்றீர்கள். கண்ணாடி வெட்டினால் பல் கூசுகிறது என்றீர்கள். வார்னிஷ் வாசனையில் தலைவலி வருகிறது என்று நகராட்சிக்கு எழுதினீர்கள். அங்கிருந்து ஒருத்தன் வந்து மோந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கும் கொட்டகை அசையவில்லை. இப்போது சுவரே அசைகிறதாம்!

நான் வருஷக்கணக்காகச் சட்டம் போடுகிறவன். இந்தத் தெருவில் எத்தனை கல்யாணப் படம், எத்தனை செத்தவர் படம், எல்லாம் என் மூலைமட்டத்தில் நின்றவை. கோணல் எனக்குத் தெரியாதா? கடிதம் வந்ததும் தூக்குக்குண்டை எடுத்து என் பக்கத்துச் சுவற்றில் மேலிருந்து கீழ்வரை விட்டுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை. ரசமட்டத்தை நிறுத்தி வைத்தேன். குமிழி நடுவில் வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. நேரில் வந்து பாருங்கள் என்று எழுதியிருப்பேன். இந்த வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று கோர்ட்டு வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னவராயிற்றே தாங்கள்.

அவளை நகர்த்துவதாக இல்லை. அசைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவள்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், சுவரை ஒட்டி இடுப்பளவு மண்ணைக் குவித்துப் பூச்செடி வளர்க்கிறீர்களே, அதை எடுங்கள்.

இப்படிக்கு,
பிரதிவாதி


அக்டோபர் 8

தம்பிக்கு,

‘சுவற்றில்’ இல்லை, ‘சுவரில்’. பழக்கதோஷம், திருத்திவிட்டேன். மேலே படி.

மண்ணைப் பற்றி நீ சொன்னது சரி. நேற்றுக் காலையில் மண்வெட்டியை எடுத்து நானே வெட்ட ஆரம்பித்தேன். ரேடியோ கூடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, இந்தச் செடிங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஈர மண் சுவரைத் தள்ளுது.”

“நல்லா சொன்னீங்க. போன மாசம் இதே செடிக்கு நான் தண்ணி பத்தாம ஊத்துறேன்னு என்னை என்ன பேச்சு பேசினீங்க!”

வாய்க்கொழுப்பு. இருந்தாலும் கூடையை நிரப்பினாள். சாயங்காலத்துக்குள் மேடு போய்விட்டது. எனக்கு இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் சாவி கட்டிய நூல் ஓர் அணுவும் பின்வாங்கவில்லை. தள்ளுவதை நிறுத்தினால் சுவர் தானாக நிமிர்ந்துவிடாது போலிருக்கிறது.

அப்பா கட்டிய பழைய சுவர் ஏன் விழவில்லை என்று நீ எப்போதாவது யோசித்தாயா? அதற்கும் ஒரே ஒரு செங்கல்லின் அகலம்தான் கனம். அதுதான் பாம்புபோல உன் பக்கமும் என் பக்கமும் வளைந்து வளைந்து போயிற்று. தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் படம் வரைகிற அப்பாவுக்கு ஒரு நேர்க்கோடு போடத் தெரியவில்லை என்று தெருவே சிரித்தது. ஓடுகளைப் பறக்கவிட்ட புயலில்கூட அந்தச் சுவர் நின்றது.

இந்தத் தாள் கெட்டியானது. இதை மேசைமேல் அதன் விளிம்பில் நேராக நிறுத்திப் பார். விழும். பிறகு இதையே முன்னும் பின்னுமாக அலைபோல வளைத்து நிறுத்து. நிற்கும். ஊதிப் பார், அப்போதும் நிற்கும். தாளின் கனம் கூடவில்லை. அது கால் ஊன்றுகிற இடம் அகலமாயிற்று, அவ்வளவுதான். நேரான சுவருக்குக் கால் ஊன்ற ஒரு கல் அகலம்தான் உண்டு. அதன் பாரம் அந்த அகலத்தைத் தாண்டினால் விழ வேண்டியதுதான். வளைந்த சுவரை இந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கத்து வளைவு மிதித்துக்கொண்டு தாங்கும். அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்து வளைவு தாங்கும்.

நாம் என்ன செய்தோம்? சர்வேயர் பிடித்த கயிற்றுக்கு நேராகச் சுவர் வேண்டும் என்றோம். நேராகக் கட்டுவதென்றால் இரட்டைக் கல் வைத்துக் கனமாகக் கட்ட வேண்டும் என்றார் கொத்தனார். கூடுதல் கனம் யார் நிலத்தில் என்று சண்டை. நடுநடுவே முட்டுத் தூணாவது வைக்கலாம் என்றார். தூண் யார் பக்கம் துருத்துவது என்று சண்டை. கடைசியில் ஒற்றைக் கல்லில், தூணில்லாமல், நூல் பிடித்தாற்போல் கட்டினோம். வளைவு போனதால் கல் மிச்சமானது. அந்த மிச்சக் கல்லை வைத்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத உயரத்துக்கு ஏற்றினோம். அது ஒன்றில்தான் நமக்குள் ஒற்றுமை இருந்தது.

அந்த உயரம்தான் இப்போது வண்டுவின் தலைமேல் நிற்கிறது.

கொட்டகையைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். கட்டிலை மட்டும் நகர்த்து.

அக்கா


அக்டோபர் 10

அம்மையார் அவர்களுக்கு,

கடிதத்தை நிறுத்தினேன். விழுந்தது. வளைத்தேன். நின்றது. ஊதினேன். நின்றது. நல்ல வித்தை. கடைக்கு வந்த ஒருவர்கூடக் கைதட்டினார்.

வித்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. பழைய வளைவு திரும்ப வர வேண்டும். அப்படித்தானே? பழைய வளைவில் எலுமிச்சை மரம் நின்ற பெரிய வயிறு உங்கள் பக்கம் இருந்தது. கோர்ட்டு அதை எனக்குக் கொடுத்தது. இப்போது, “ஐயோ சுவர் விழுகிறது, வளைத்துக் கட்டு தம்பி” என்று சொல்லி மரத்தைச் சுருட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அம்மா இருந்த காலத்தில் அல்வாத் துண்டைப் பங்கு போடும்போதும் கத்தி உங்கள் கையில்தான் இருக்கும்.

தூக்குக்குண்டு பொய் சொல்லாது. என் பக்கத்தில் சுவர் செங்குத்தாக நிற்கிறது. ஒரே சுவர் உங்கள் பக்கம் சாய்ந்தும் என் பக்கம் நேராகவும் எப்படி இருக்கும்? கான்வென்ட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையா?

இதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடமிருந்து கடிதம் வருகிறது என்று ரேடியோ உளறிவிட்டாள். “என்ன எழுதியிருக்கா? என்னைக் கேட்டிருக்காளா?” என்று இரண்டு நாளாக அதே கேள்வி. மருந்துச் சீட்டு என்று சொல்லிவிட்டேன்.

மேற்கொண்டு கடிதம் வந்தால் பிரிக்கமாட்டேன்.

பிரதிவாதி


அக்டோபர் 13

தம்பி,

எலுமிச்சை மரம் உனக்கே. அதன் நிழலும் உதிர்கிற இலையும்கூட உனக்கே. சுவர் நின்ற இடமும் உனக்கே. எந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

நேற்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கட்டடப் பிரிவில் இருந்த பெண் என்னைக் கண்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“வாங்கம்மா. இப்ப என்ன வாசனை?”

“வாசனை இல்லை. சுவர் சாயுது. உள்ளே ஒரு நோயாளி இருக்கா.”

“அந்தச் சுவரா? அது நேரா இருக்கணும்னுதானே கோர்ட்டு வரைக்கும் போனீங்க?”

“ஆமாம்.”

“அப்ப கோர்ட்டுலதான் கேக்கணும். கோர்ட்டு சொல்லிக் கட்டின சுவரை நாங்க எப்படிம்மா இடிக்கச் சொல்றது?”

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ தேடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அங்கே, எல்லோரும் பார்க்க. என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட நான் வெளியே அழுததில்லை. அந்தப் பெண் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். “பெரிய அதிகாரி லீவுல போயிருக்காரும்மா, வந்ததும் சொல்றேன்” என்றாள்.

திரும்பி வரும்போதுதான் உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஒரே சுவர் என் பக்கம் சாய்ந்தும் உன் பக்கம் நேராகவும் எப்படி இருக்கும் என்று கேட்டாய். ரேடியோவிடம் விசாரித்தேன். வண்டுவை அங்கே படுக்கவைப்பதற்கு முன் உள்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசச் சொன்னாயாம். பூசியவர் உன் பிடிவாதம் தெரிந்து மட்டம் பார்த்துப் பூசியிருக்கிறார். சுவர் அப்போதே சாய்ந்திருக்க வேண்டும். மேலே மெல்லிசாகவும், கீழே வரவரக் கனமாகவும் பூசி, சாய்வை மறைத்து நேராக்கிவிட்டார். உன் குண்டு பொய் சொல்லவில்லை தம்பி. அது பூச்சை அளக்கிறது, சுவரை அளக்கவில்லை.

சுவரின் தலையில் ஓர் ஆணி, காலில் ஓர் ஆணி அடித்துப் பார். செங்கல்லைத் தொட எவ்வளவு ஆழம் போகிறது என்று பார். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நான் தெருவில் நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நூலுக்கும் சுவருக்கும் இப்போது ஒரு விரல்தான் இடைவெளி.

அக்கா


அக்டோபர் 15

(அஞ்சலட்டை)

கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. இதைப் பிரிக்க வேண்டாம், அப்படியே படிக்கலாம். யார் கையில் கிடைத்தாலும் உரக்கப் படித்துக் காட்டவும். உன் ரசமட்டம் பூச்சைத்தான் அளக்கிறது, சுவரை இல்லை. மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி அடித்து ஆழம் பார். வண்டுவை வெளியே எடு. மரம், நிலம், எல்லாம் எழுதித் தருகிறேன். மழை வருகிறது. உன்னைக் கெஞ்சுகிறேன்.

அக்கா


அக்டோபர் 16

அக்கா,

திருப்திதானே?

தபால்காரர் அட்டையை வாசலில் நின்று உரக்கப் படித்தார். நீதானே அப்படி எழுதியிருந்தாய். எதிர்வீட்டுக்காரர், சலவைக்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர் எல்லோரும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் தெருவில் பாதிப் பேர் சுவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். பாதிப் பேர் சாய்ந்திருக்கிறது என்கிறார்கள், பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். ஒருவர் பந்தயம்கூடக் கட்டினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவனை, “யாருப்பா அது, என்ன வேணும்?” என்று அவள் படுத்தபடியே கேட்டாள். அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? “சுவர் எப்ப விழும்னு பார்க்க வந்தோம்மா.”

இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்கத் தலைமாட்டுச் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதைத்தான் நீ சாதித்தாய்.

ஆணி அடிக்கச் சொல்கிறாய். அந்தச் சுவரில் சுத்தியலால் தட்டினால் கட்டில் அதிர்கிறது. கட்டில் அதிர்ந்தால் அவளுக்கு உயிர் போகிறது. நகர்த்து, நகர்த்து என்கிறாயே, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஸ்டிரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றியபோது அவள் போட்ட சத்தத்தை நீ கேட்டாயா? நீ அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாய், கேட்டிருக்க வேண்டுமே. என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு கத்தினாள். இன்னொரு தடவை அவளைத் தூக்கச் சொல்லி நான் ஆள் கூப்பிடமாட்டேன். என்னால் முடியாது.

நாற்பது தடவை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டேன். நேராகத்தான் இருக்கிறது. நேராகத்தான் இருக்க வேண்டும். விழுந்தால் விழட்டும். உன் பேச்சைக் கேட்டு அவளை இன்னொரு தடவை கத்தவைக்க மாட்டேன்.

இனி அஞ்சலட்டையும் வேண்டாம்.


அக்டோபர் 17

தம்பி,

இதை உன் கொட்டகைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கடைக்குப் போன பிறகு ரேடியோ பின்கதவைத் திறந்துவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் மிரட்டினேன். உன் வாசற்படியை மிதிக்கவில்லை. பின்வாசல் கணக்கில் வராது.

கட்டிலின் தலைமாட்டில், சுவரில் முதுகு படும்படி முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்து அவளைத் தூக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இதில் பேச ஒன்றும் இல்லை.

நான் உள்ளே வந்ததும், “யாரது?” என்றாள்.

“நான்தான்.”

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். “ஏன்டி, இவ்வளவு கிழடு தட்டிப்போச்சா உனக்கு?”

“நீ மட்டும் என்ன, பள்ளிக்கூடத்துக்கா போய்ட்டு இருக்க?”

சிரித்தாள். சிரிப்பு இடுப்பில் போய் இடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கை பஞ்சாக இருக்கிறது. நகத்தை யாரும் வெட்டிவிடவில்லை. நீ ஆண்பிள்ளை, உனக்குத் தோன்றியிருக்காது. இருந்த கத்திரியால் வெட்டிவிட்டேன்.

பிறகு உன் மேசையிலிருந்து குத்தூசியை எடுத்தேன். சுத்தியல் தொடவில்லை. சுவரின் காலில் வைத்துத் திருகினேன். பூச்சு ஈரத்தில் ஊறிப் போயிருக்கிறது, வெண்ணெய்போல இறங்கியது. மூன்று விரல் ஆழம் போன பிறகுதான் செங்கல் தட்டியது. முக்காலியில் ஏறி மேலே திருகினேன். நகத்தளவு போவதற்குள் செங்கல். இரண்டு ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. வந்து உன் கையாலேயே பார்த்துக்கொள். ஆனால் அவளை வெளியே எடுத்த பிறகு பார்.

“என்னடி பண்றே?” என்றாள்.

மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “காலையிலிருந்து கண்ணுல மண்ணு விழுது. அவர்கிட்ட சொல்லல. சொன்னா பயந்துருவாரு.”

தம்பி, அவள் கண்ணில் மண் விழுகிறது. நீ பயப்படுவாய் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“நீ போயிருடி. உன் மேலயும் விழுந்திரும்.”

“வாயை மூடு.”

“ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.”

மழை தொடங்கிவிட்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. இந்தத் தாளின்மேலும் பொடி மண் உதிர்கிறது. ஊதி ஊதி எழுதுகிறேன். மூலையில் நீ சாத்தி வைத்திருக்கிற கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. யாரும் அவற்றைத் தொடவில்லை.

நீ பயப்படுவது எதற்கென்று உன் கடிதத்திலிருந்து புரிந்தது. அவளைக் கட்டிலிலிருந்து தூக்க வேண்டாம். கட்டிலோடு தூக்கு. கதவு அகலம் போதாது, நான் முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். நிலையைப் பெயர்த்து எடுத்தால் போதும். உன் கடைத் தெருவிலிருந்து கைக்கு வலுவான நான்கு பேரையும் ஒரு கடப்பாரையையும் கொண்டு வா. நிலையைப் பெயர்க்கும்போது இந்தச் சுவர்ப் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. கத்துவாள். கத்தட்டும். கத்துகிறவள் உயிரோடு இருப்பாள்.

ரேடியோ இதை வாங்கிக்கொண்டு ஓடத் தயாராக நிற்கிறாள். சீக்கிரம் வா. நான் வண்டுவுடன் பழைய ஜபப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறேன். அவள் ரீங்காரம் போடுகிறாள். பாதி வரிகள் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டன.

அக்கா


அக்டோபர் 29

அக்கா,

உனக்கு நடுவில் நினைவு தப்பிவிட்டதால், நடந்ததை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் இருந்தேன். ரேடியோ சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். உன் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். “அய்யா, அம்மா உள்ள போய் உக்காந்துட்டாங்க. இனிமே தூக்குறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் தூக்கணும்” என்றாள். முதல் பக்கம் படித்தபோது கோபம்தான் வந்தது. கண்ணில் மண் விழுகிறது என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. மீதியை டீக்கடைக்காரர் வாங்கிப் படித்தார். அவரே ஆட்களையும் கூப்பிட்டார்.

கதவு நிலை பெயர்ந்து வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நீ முக்காலியை விட்டு எழவில்லை. “நீ முதலில் வெளியே வா” என்று நான் கத்தினேன். “அவள் கால் முதலில்” என்றாய். கட்டிலைத் தூக்கினோம். அவள் கத்தினாள். கட்டில் வாசலைத் தாண்டியது. நீ தலைமாட்டைப் பிடித்தபடி பின்னால் வந்தாய். இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பாய். அந்தக் கண்ணாடிகள் எல்லாம் ஒரேயடியாகக் கூவின. நான் திரும்பிப் பார்த்தேன். கல் கல்லாக உதிரவில்லை அக்கா. பெட்டி மூடியைச் சாத்துகிற மாதிரி, முழுச் சுவரும் ஒரே பலகையாக, நேராக, கட்டில் கிடந்த இடத்தில் வந்து படுத்தது. தகரத்தின் விளிம்புதான் உன் கையில் இறங்கியது. முக்காலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஓட்டையைப் பார்க்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பிறகு குப்பையில் பூச்சுத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு முனை அட்டைபோல மெல்லிசு. மறு முனை ரொட்டிபோலக் கனம்.

அவளுக்குக் கூடிக்கொண்டிருந்த எலும்பு தூக்கியதில் விலகிவிட்டது. திரும்பவும் அறுக்க வேண்டுமாம். அடுத்த மாதம் செய்யலாம் என்கிறார்கள். நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறார். முன் அறையில் படுக்கவைத்திருக்கிறேன். எனக்குத் தூக்கத்தில் கேட்பது சுவர் விழுந்த சத்தம் இல்லை, அவள் சத்தம்தான். சுவர் விழாமல் இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்காக உன்னை நான் மன்னித்திருக்க மாட்டேன். விழுந்த பிறகும் உன்னிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நேற்றுக் காலையில் நீ ஒற்றைக் கையால் துணி உலர்த்துவதைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மேலே தூக்கி, கவ்வியைப் பல்லில் கடித்துக்கொண்டு. நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை. கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொத்தனார் வந்து நின்றார். “கயிறை எங்க பிடிக்கட்டும்?” என்று கேட்டார். அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். என்ன சொல்ல?

தம்பி


அக்டோபர் 30

தம்பி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கண்டபடி போகிறது. எங்கள் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் தாளைக் கசக்கி என் மடியில் போட்டிருப்பார். திருத்தி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவள் நடப்பாளா என்று எனக்கும் தெரியாது. என் முதல் கடிதத்திலேயே நீ பேச்சைக் கேட்டிருந்தால், மெதுவாக, நாள் பார்த்து, ஆஸ்பத்திரி ஆட்களை வைத்து நகர்த்தியிருக்கலாம். நான் இத்தனை வருஷம் வாசனைக்கும் வெளிச்சத்துக்கும் மனு எழுதாமல் இருந்திருந்தால், நீ முதல் கடிதத்தையே நம்பியிருப்பாய். இதில் எதைச் சொல்லியும் அவள் எலும்பு ஒட்டப் போவதில்லை. கத்தட்டும் என்று எழுதியவள் நான். அதை நான்தான் சுமக்க வேண்டும்.

கொத்தனாரிடம் இதைச் சொல். அப்பாவின் சுவர் போன வழியிலேயே வளைத்துக் கட்ட உனக்குச் சம்மதம் என்றால் கட்டலாம். எந்த வயிறு யார் பக்கம் போகிறது என்று நான் எட்டிப் பார்க்கமாட்டேன். சம்மதம் இல்லையென்றால் சுவரே வேண்டாம். நேராக மட்டும் வேண்டாம்.

வலி வரும்போது அவள் முனகுவது இங்கே சமையலறை வரைக்கும் கேட்கிறது. நேற்றும் கேட்டது. நீ கூப்பிட்டால் போகலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்று உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். அதில் எங்கும் ‘வா’ என்று இல்லை.

பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். கல்லும் கண்ணாடியுமாகக் கிடக்கிறது, பார்த்துத்தான் வர வேண்டும். ரேடியோ இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தெருவைச் சுற்றிக்கொண்டு உன் வாசலுக்கு வருவாள். நான் குறுக்கே வருகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா